கல்லில் வெட்டிய சொல்

முப்பதுகளில் ஒருநாள், மலாக்கா பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியும், ரப்பர்ப் பாலெடுக்க மரம் வெட்டும் முத்தம்மாவும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"முத்தம்மா, தப்பு நடந்துபோச்சு. காய்ச்சல்ல செத்தவங்களுக்கு வெள்ளைக்காரத் துரை வைக்கிற ஞாபகக் கல்லுல அஞ்சலின்னு வெட்டியிருக்கணும். நான் அகராதியப் பாத்து, கப்பம்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

"கப்பம்னா என்னங்கய்யா?"

"தோத்த ராஜா ஜெயிச்ச ராஜாவுக்குக் கட்டுறது. இங்கிலீஷ்ல அஞ்சலிக்கும் கப்பத்துக்கும் 'டிரிப்யூட்'னு ஒரே சொல்லு. மொதல்ல கப்பந்தான், மரியாதைங்கிற அர்த்தம் பின்னால வந்தது."

அவள் வெளியே ரப்பர் மரங்களைப் பார்த்தாள்.

"கவலப்படாத, மாத்தச் சொல்றேன்."

"வேணாங்கய்யா. காட்டழிக்கப் போயி, அந்தக் காய்ச்சல்ல என் வீட்டுக்காரரு துரைக்கு உசுரக் கட்டினாரு. சரியாத்தான் எழுதியிருக்கீங்க, இருக்கட்டும்."