ஒரு படத்துக்குத்தான் இடம்

"புது வெப்சைட்டுக்கு எல்லாத்தையும் மாத்தியாச்சிக்கா. நான் மட்டும்தான் வரல."

பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுன் போகும் ஃபெரியில் எனக்கு முன்வரிசையில் இரண்டு பெண்கள். இதைச் சொன்ன இளையவளின் மடியில் ஒரு பை நிறையக் கறித்தூள் பாக்கெட்டுகள்.

"வரலன்னா?" என்றாள் மூத்தவள்.

"பழசுல அண்ணன் படம், என் படம், ரெண்டும் இருந்திச்சி. புதுசுல ஒரு படத்துக்குத்தான் இடம்."

"ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கிற படத்த போடுலா."

"போட்டேன். என்னை வெட்டிட்டுப் போடச் சொன்னாரு. முதலாளின்னா ஒருத்தர்தான் தெரியணுமாம்."

"தூள் வறுக்கிறது, அரைக்கிறது எல்லாம் நீ. அவரு என்ன செய்றாரு?"

"டெலிவரி."

"யாரு வெட்டினது?"

"நான்தான். வெப்சைட்ட நான்தானே பாக்கிறேன்."

"வெட்டிட்டியா?"

"அந்தப் படத்துல ரெண்டு பேரும் ஒரே பாக்கெட்ட பிடிச்சிருந்தோம். என் கை மட்டும் இன்னும் இருக்கு."

ஃபெரி கரையை நெருங்கியது. இளையவள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"காலையில அண்ணன் மெசேஜ் போட்டாரு, அந்தக் கைய எப்ப எடுப்பேன்னு."