தைலமர வளைவில் ஒரு பாட்டில்

— மன்னிப்பா? நான் கேக்கணுமா? தின்ன கிழங்கு தொண்டையிலயே நிக்குது அண்ணே. வேற ஏதாவது பேசு.

— நீ இன்னும் ஒரு வாய் கூடத் திங்கல, ஷேமா. நான்தான் தின்னுக்கிட்டு இருக்கேன்.

— அப்ப வெறும் வயித்துலயே குமட்டுதுன்னு வச்சுக்க.

— இங்க பாரு, கோவப்படாமக் கேளு. ஃபோகாஸ் ஐயா கெட்டவரு இல்ல. சைக்கிள் போட்டிக் கமிட்டித் தலைவருன்னா நாலு பக்கமும் பதில் சொல்லணும். அவரே என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. ‘கபேரா, உன் தங்கச்சி அந்த ரேடியோக்காரனுக்கு ஒரு போன் பண்ணட்டும். கூட்டத்துல சரியாத் தெரியல, தப்பாப் பார்த்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். நாளைக்குக் கடைசிப் பந்தயத்துல அவளும் ஓடலாம். கியர் சைக்கிள், பயிற்சி முகாம்ல இடம், எல்லாம் அவளுக்குத்தான்’னு சொன்னாரு.

— முதல்ல மன்னிப்புன்ன. இப்பத் தப்பாப் பார்த்தேன்னு சொல்லணும்ங்கிற. எதுன்னு முடிவு பண்ணிக்கிட்டு வா.

— ரெண்டும் ஒண்ணுதான்.

— ஒண்ணு இல்ல. லாரியப் பிடிச்சதுக்கு மன்னிப்புக் கேளுன்னா இப்பவே கேக்குறேன். பிடிச்சேன். இல்லன்னு நான் எங்கயும் சொல்லல. கண்ணால பார்த்ததைப் பார்க்கலன்னு சொல்லணும்னா வேற ஆளைப் பாருங்க.

— அந்த லாரியத்தான் எதுக்குடி பிடிச்ச? நாலு நாளும் ஜெயிச்சவ. நான் வெளிநாட்டுப் பந்தயக்காரங்க மூட்டை முடிச்சை வேன்ல ஏத்திக்கிட்டு ஊர் ஊராச் சுத்துறேன், போற எடமெல்லாம் ‘ருலிந்தோ ஊர்ப் பொண்ணு ஒருத்தி குண்டு டயர் சைக்கிள்ல பறக்குறாளாமே’ன்னு பேசுறாங்க. பெருமையில எனக்கு நெஞ்சு நிமிர்ந்து போச்சு. அஞ்சாம் நாளு போய் லாரியப் பிடிச்சு நிக்குற.

— நீ கேக்குற பாரு, நீ. எனக்கு அந்த வித்தையக் கத்துக் குடுத்ததே யாரு? பின்னால உருளைக்கிழங்கு மூட்டையக் கட்டிக்கிட்டு அந்த ஏத்தத்துல எவன் மிதிச்சு ஏறுறான்? லாரிப் பின்பலகையப் பிடிச்சுத்தான் நீ என்னைப் படிக்க வச்ச. பட்டத்தை வாங்கிட்டு வந்து நானும் அதே பலகையத்தான் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். அன்னைக்கு எங்களுக்கு முன்னால விளம்பர லாரி போகுது. சோப்புக் கம்பெனி. மேல நாலு பொண்ணுங்க ஆடுதுங்க, ஒலிபெருக்கி அலறுது, ஏத்தத்துல நடந்து போற வேகம்தான். ரெண்டாவதா வந்த வெஸ்தினா எனக்கு ரொம்பப் பின்னால. நான் போய் லாரி வாலுல முட்டிட்டேன். வலது கை தானாப் போயிடுச்சு அண்ணே. போனதே எனக்குத் தெரியல. பலகை கைக்குச் சூடாத் தெரிஞ்சப்புறம்தான் ஐயையோன்னு விட்டேன். அதுக்குள்ள மோட்டார் சைக்கிள்ல வந்த நடுவர் தோள்ல தட்டிட்டான். முதுகுல குத்தியிருந்த நம்பரைப் பிடுங்கிட்டுப் போயிட்டான்.

— மூட்டையே இல்லாம லாரியப் பிடிச்சவ நம்ம ஊர்லயே நீ ஒருத்திதான் இருப்ப.

— சிரி. நல்லாச் சிரி. கியர் சைக்கிள் போச்சு, முகாம் போச்சு, வெஸ்தினாவுக்குக் குடுக்கப் போறாங்க. அவ என்கிட்ட வந்து அழுவுறா, தனக்கு வேண்டாம்னு. அவளை நான் சமாதானம் பண்ணி அனுப்ப வேண்டியதாப் போச்சு.

— அழுதாளா? நல்ல புள்ள.

— நல்ல புள்ளைதான். அவளுக்கு அகப்பை குடுத்தாங்க.

— அகப்பையா?

— உனக்குத் தெரியாதுல்ல. முதல் நாள் பந்தயத்துல ஜெயிச்ச ஆம்பளைக்கு ரேடியோ. எனக்கு ஏப்ரன். ரெண்டாம் நாள் எனக்குக் குடை, ரெண்டாவது வந்தவளுக்கு அகப்பை. மூணாம் நாள் சட்டி. நாலாம் நாள் அந்தச் சட்டிக்கு மூடி. நான் ஜெயிக்கலன்னா மூடி இன்னொருத்தி வீட்டுக்குப் போயிருக்கும், சட்டி திறந்தே கிடந்திருக்கும். கையத் தட்டுறாங்க வேற. ஃபோகாஸ் ஐயா மைக்கைப் பிடிச்சு, ‘இனி இந்தப் பொண்ணு மிதிக்கவும் மிதிப்பா, சமைக்கவும் சமைப்பா’ங்கிறாரு. தூ.

— பெரிய மனுஷன் ஏதோ தமாஷாச் சொன்னாரு.

— தமாஷ்தான். வாரம் பூரா தமாஷ்தான். சைக்கிள் திருவிழா நடக்குற வாரத்துல சைக்கிள் டாக்ஸிக்காரன் எவனும் ரோட்டுக்கு வரக் கூடாதாம். டிவியில ரோடு அசிங்கமாத் தெரியுமாம். உன் பழைய கூட்டாளிங்க அத்தனை பேரும் சைக்கிளை வீட்டுக்குள்ள பூட்டி வச்சுட்டு, பொண்டாட்டிகிட்டத் திட்டு வாங்கிக்கிட்டு, வேலி ஓரம் நின்னு வேற எவனோ சைக்கிள் ஓட்டுறதுக்குக் கையத் தட்டுறான். ஓடுறவனுங்க எறிஞ்ச தண்ணி பாட்டிலுக்கு அடிதடி. ஒருத்தன் நக்கிட்டுப் போட்ட இனிப்புப் பாக்கெட்டை நம்ம பள்ளிக்கூட வாத்தியார் குனிஞ்சு எடுத்துச் சட்டைப் பையில வைக்கிறாரு. மோந்து பார்த்துட்டு வைக்கிறாரு அண்ணே. இன்னொருத்தன் நடுவுல இறங்கி பெலான்சில்லா அக்காவோட பீன்ஸ் கொடி மேலயே ஒண்ணுக்கு விடுறான். அந்தக்கா கோபப்படும்னு பார்த்தா, எந்த நாட்டுக்காரன்னு என்கிட்ட விசாரிக்குது.

— விருந்தாளிங்கதானே. ரெண்டு நாள்ல போயிடுவாங்க.

— நீ ஏன் இப்படி எல்லாத்துக்கும் தலைய ஆட்டுற? வந்ததுலேருந்து பார்க்குறேன். ஆமா, நீ ஏன் இங்க இருக்க? இன்னைக்குப் பந்தயக்காரங்க எல்லாம் ருபாவு ஊர்ல இருக்கணும். நாளைக்குத்தானே முடியுது?

— சொன்னேன்ல. வண்டியில கோளாறு. வேற ஆளு பார்த்துக்குறான்.

— மூட்டை வேன்லயா?

— மூட்டை வேன் இல்ல. நடுவுல ஒரு டிரைவருக்கு வயிறு கெட்டுப் போச்சு, என்னை வேற வண்டிக்கு மாத்துனாங்க. நீ கிழங்கைத் தின்னு, ஆறிப் போகுது.

— கழுத்துல ஒரு அட்டை தொங்குமே. போன வாரம் தூங்குறப்பக் கூடக் கழட்டல. வெள்ளைச் சட்டைக்கு எடுப்பா இருக்குன்னு கண்ணாடியில பார்த்துக்கிட்டே நின்ன.

— பையில இருக்கு. பஸ் நெரிசல்ல அறுந்து போகும்னு வச்சேன். இங்க பாரு ஷேமா, பேச்சை மாத்தாத. அன்னைக்கு நீ என்ன பார்த்த, எங்கிட்டச் சொல்லு. முழுசாச் சொல்லு. ரேடியோவுல அரைகுறையாத்தான் வந்துச்சு.

— நம்பரைப் பிடுங்கினப்புறம் நான் எங்க போறது? ரோட்டை அடைச்சுட்டாங்க. அந்தத் தைலமர வளைவுலயே சைக்கிளைச் சாய்ச்சுப் போட்டு உக்காந்துட்டேன். மத்தியானம் வெளிநாட்டுக்காரங்க ஓடுற பெரிய பந்தயம் அதே ஏத்தத்துல வருது. முதல்ல ஒரு கும்பல். அப்புறம் ரெண்டு பேரு, மூணு பேரு. அப்புறம் ஒருத்தன் தனியா, நாக்கைத் தள்ளிக்கிட்டு. அவன் கூட்டத்துலேருந்து கழண்டுட்டான், பார்த்தாலே தெரியுது. நம்ம கோழி சாகுறதுக்கு முன்னால கழுத்தைத் தொங்கப் போடுமே, அப்படி வர்றான். பின்னாலேருந்து அவன் அணியோட கார் வருது. மேல சைக்கிள் அடுக்கின கார். ஜன்னல்லேருந்து ஒரு கை வெளிய நீளுது. சிவப்பு ரோமம் மொளைச்ச கை. கையில தண்ணி பாட்டில். அவன் பிடிக்கிறான். பிடிச்சவன் வாங்கணும்ல? வாங்கல. குடுத்தவன் விடணும்ல? விடல. ரெண்டு பேரும் பாட்டிலைப் பிடிச்சுக்கிட்டே இருக்காங்க, கார் உறுமிக்கிட்டு மேல ஏறுது. அவன் மிதிக்கவே இல்ல. கால் ரெண்டும் சும்மா நிக்குது. என் கண்ணு முன்னால வளைவைச் சுத்தி, டீக்கடையத் தாண்டி, முன்னால போன கும்பலோட முதுகு தெரியுற வரைக்கும் இழுத்துட்டுப் போய் விட்டாங்க.

— அது அவங்க வழக்கம், ஷேமா. எல்லாக் காருலயும் நடக்குறதுதான். பாட்டில் வாங்குறப்ப ஒரு நிமிஷம் அப்படி இப்படி இருக்கும். யாரும் கண்டுக்க மாட்டாங்க.

— யாரும் கண்டுக்க மாட்டாங்கன்னா யாரு? பின்னால மோட்டார் சைக்கிள்ல ஒருத்தன் வந்தான். காலையில என் நம்பரைப் பிடுங்கினவன். அதே ஆளு, அதே தொப்பி. அந்தக் காரையும் கையையும் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான். நான் பார்க்குறேன்னு தெரிஞ்சதும் மரத்தைப் பார்த்தான் அண்ணே. தைல மரத்தை வாழ்க்கையில பார்க்காதவன் மாதிரி அண்ணாந்து பார்த்துக்கிட்டே போயிட்டான். அன்னைக்குக் கிகாலியில ஜெயிச்சவன் யாரு தெரியுமா?

— தெரியும்.

— அவனேதான். பூங்கொத்தை ஆட்டுறான். நான் பலகையத் தொட்டேன், வீட்டுக்குப் போ. அவன் காரையே கட்டிக்கிட்டு வந்தான், பூ வாங்கிக்கோ. எனக்குக் கோபம் கூட வரல. எச்சில் ஊறுச்சு. துப்பணும் போல இருந்துச்சு. சைக்கிளைத் தள்ளிக்கிட்டே போய் ஃபோகாஸ் ஐயாகிட்டச் சொன்னேன். ‘மூளை குழம்பிப் போயிருக்க, வீட்டுக்குப் போய்ப் படும்மா’ன்னாரு. பக்கத்துல ரேடியோக்காரன் மைக்கோட நின்னான். அவன்கிட்டச் சொல்லிட்டேன். கார் கலரு, மேல எத்தனை சைக்கிள், எல்லாம்.

— உள்ள ஓட்டினவனைப் பார்த்தியா?

— கண்ணாடியில வெயிலு. கைதான் தெரிஞ்சுது. ஏன்?

— இல்ல. சும்மா கேட்டேன். அவன் என்ன செய்வான் பாவம். மெதுவாப் போன்னா மெதுவாப் போகணும், ஆக்ஸிலேட்டரை மிதின்னா மிதிக்கணும். பக்கத்துல உக்காந்து கத்துறவன் துரை.

— பாவமா? அவனுக்கு பிரேக் இல்லையா, கால் இல்லையா? அவன் காலை எடுத்திருந்தா அங்கயே முடிஞ்சிருக்கும். அவனும் தூ. கூலிக்கு இழுத்தவன்.

— காலை எடுத்தா மறுநாள் வேலை இருக்காது.

— இல்லாமப் போகட்டுமே.

— இல்லாமப் போனா என்னன்னு உனக்குத் தெரியாதா? அந்தக் கம்பெனியில பந்தயம் முடிஞ்சதும் நிரந்தரமா எடுக்குறேன்னு சொல்லியிருப்பாங்க. ஹோட்டல் வண்டி ஓட்டுறதுக்கு. வருஷக்கணக்கா மூட்டை தள்ளினவன் எவனாவது இருப்பான், வெள்ளைச் சட்டை புதுசா எடுத்துருப்பான்.

— நீ டிரைவர்ங்கிறதுக்காக ஊர்ல உள்ள அத்தனை டிரைவருக்கும் வக்காலத்து வாங்காத.

— சரி, வாங்கல. ஷேமா, ஒரு தடவை எனக்காக யோசி. ஒரு போன். தப்பாப் பார்த்தேன்னு சொன்னா நடந்ததே இல்லன்னு ஆயிடும். புகாரே இல்லன்னா குத்தமும் இல்ல. உனக்கு கியர் சைக்கிள் வரும், முகாமுக்குப் போவ, நாளைக்கு வெளிநாட்டுல போய் ஓடுவ. அந்த மூட்டைய இனிமே நீ தொட வேண்டாம். எல்லாருக்கும் நல்லது.

— எல்லாருக்கும்னா யாருக்கு?

— எல்லாருக்கும்தான்.

— எனக்கு அந்த சைக்கிள் வேணும் அண்ணே. உனக்குத் தெரியாம இல்ல. கனவுல கூட கியர் மாத்துற சத்தம் கேக்குது. ஆனா அதுல உக்காந்து மிதிக்கிறப்பெல்லாம் அந்தச் சிவப்பு ரோமக் கையத்தான் பிடிச்சுக்கிட்டுப் போற மாதிரி இருக்கும். வேண்டாம். குண்டு டயரே போதும்.

— இது உன் முடிவா?

— முடிவுதான். அதுவும் இன்னைக்குக் காலையில ரேடியோ கேட்டப்புறம் நான் எதுக்கு மாத்திச் சொல்லணும்? இந்த ஒரு வாரத்துல வயித்துல பாலை வார்த்த சேதி அது ஒண்ணுதான். நீ கேக்கலையா?

— என்ன சொன்னான்?

— ஜெயிச்சவன் பூவைப் பிடுங்கலதான். அந்தளவுக்கு ஒழுங்கு இந்தப் பந்தயத்துல இல்ல. ஆனா விசாரணை நடந்துச்சாம். ‘காரில் இருந்தவரே இந்தத் தவறுக்கு முழுப் பொறுப்பு, அவரது அனுமதி அட்டை பறிக்கப்பட்டு உடனடியாக ஊருக்கு அனுப்பப்பட்டார்’னு வாசிச்சான். நான் ரேடியோவுக்கே முத்தம் குடுத்தேன். ஒருத்தி வாயத் திறந்தா ஒரு துரையோட கழுத்துல தொங்குற அட்டையக் கழட்ட முடியும்னு இருக்கே, அது போதும். அந்தச் சிவப்பு ரோமக்காரன் இந்நேரம் விமானத்துல சாய்ஞ்சு உக்காந்து என்னைத் திட்டிக்கிட்டே போவான். போகட்டும்.

— விமானம் எல்லாம் இல்ல, ஷேமா. சந்தை பஸ்ல நின்னுக்கிட்டே வந்தான். வந்து உன் எதிர்ல உக்காந்து, இப்பக் கிழங்கு தின்னுக்கிட்டு இருக்கான்.