தாய்க்கப்பலுக்கு முந்திய பதினொன்று

புதிய விண்கப்பலை வரைவதைவிடப் பழையதை வரைவது கடினம். புதியதென்றால் மனம்போன போக்கில் எதையும் ஒட்டலாம். பழையது பின்னால் வரப்போவதைவிட ஒரு படி மட்டமாக இருக்க வேண்டும். ஆனால் பார்த்தவுடன் இது இன்னாருக்குத் தாத்தா என்று முகச்சாடையும் தெரிய வேண்டும்.

ரசிகர் மன்றத்தின் விசாரணைக் குழு என்னிடம் கேட்டிருப்பது ஒரே கேள்வி. அந்தப் பதினொரு வரைபடங்களும் யார் கையால் வரையப்பட்டவை? என் கையால். இதோடு பேனாவை மூடியிருப்பேன். ஆனால் உங்கள் கடிதத்தில் ‘மோசடி’ என்று ஒரு சொல் இருக்கிறது. அதை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனமில்லை.

நாற்பது வருடங்களுக்கு முன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான அந்த விண்வெளித் தொடரின் மாதிரிக் கப்பல்களையெல்லாம் செய்தவர் என் அப்பா. சோப்பு டப்பா, ஷாம்பூ மூடி, பழுதான ரேடியோவின் வயிற்றிலிருந்து உருவியது, எதைக் கொடுத்தாலும் விண்கப்பலாக்கிவிடுவார். எங்கள் வீட்டுப் பின்னறைதான் பட்டறை. அதன் கதவுக்கு உள்பக்கமாகத் தாழ்ப்பாள் உண்டு. ‘சின்னப் பிள்ளைங்க கை வைக்கிற இடமில்ல’ என்பார். எனக்கு இருபது வயதானபோதும் அதையேதான் சொன்னார்.

தொடரின் மூன்றாம் பாகத்தில் தளபதி போகிறபோக்கில் ஒரு வரி சொல்கிறார்: இது நம்முடைய பன்னிரண்டாவது தாய்க்கப்பல். அப்படியென்றால் முந்திய பதினொன்று எங்கே, எப்படி இருந்தன? நம் மன்றமே அந்த ஒரு வரியில்தான் உயிர் வாழ்கிறது. ஒரு வரைபடம் அப்பாவின் பட்டறையிலிருந்து வந்தது என்று நிரூபணமானால் மன்றத்தின் அதிகாரப்பூர்வ ‘வரிசை’யில் சேரும். மற்றதெல்லாம் ‘ஆசைக்கு வரைந்தது’. நான் பதினைந்து வருடம் ஆசைக்கு வரைந்தேன். கேப்டன் என்று நீங்கள் அழைக்கும் உங்கள் தலைவர் ஒவ்வொரு முறையும் திருப்பியனுப்புவார். “கை பிரமாதம்மா. ஆனா இது உங்க கற்பனைதானே? அப்பா கையில இருந்து ஒரு துண்டுச்சீட்டு வந்தாலும் கண்ணுல ஒத்திக்குவோம்.”

துண்டுச்சீட்டு என்ன, பெட்டி நிறைய வரைபடத் தாள்கள் இருந்தன. பட்டறை முத்திரையோடு, பழுப்பேறி, ஒன்றும் வரையப்படாமல். அவற்றில் என் பதினொரு கப்பல்களையும் மறுபடி வரைந்தேன். அப்பாவின் பென்சில் எங்கே அழுத்தும், எங்கே தயங்கும் என்று எனக்குத் தெரியும். அப்பா வரைந்தவை கிடைத்தன என்று உங்களுக்கு எழுதினேன்; அவர் வாயாலேயே கேட்டுப் பதிவு செய்ய வருவதாக நீங்கள் தேதி சொன்னீர்கள்.

அப்பாவுக்கு அப்போது மறதி நோய் வந்து இரண்டு வருடம். நல்ல நாளும் உண்டு, கெட்ட நாளும் உண்டு. நான் தாள்களை விரித்தது ஒரு நல்ல நாளில்.

“யாரு வரைஞ்சது?”

“நீங்கதாம்பா.”

“போடி, நான் வரைஞ்சது எனக்குத் தெரியாதா?” கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். “இதுல வால் ஏன் எல்லாத்துக்கும் இடதுபக்கம் சாயுது?”

“தாய்க்கப்பலுக்கு அப்படித்தானேப்பா. பரம்பரையா வந்த சாயல்…”

“பரம்பரையாவது மண்ணாவது. ஷூட்டிங்குக்கு முதல் நாள் கை நழுவிக் கீழே போட்டுட்டேன். நேரமில்ல, கோணலா இருந்தா இருந்துட்டுப் போகுதுன்னு அப்படியே ஒட்டினேன்.” சிரிக்கத் தொடங்கிவிட்டார். “நீ என்ன, பதினொரு கப்பலையும் கீழே போட்டியா?”

இருமல் வரும்வரை சிரித்தார். நானும் சிரித்தேன். மன்றத்துக்காரர்கள் வரட்டும், இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள் என்றார்.

வாலை மட்டும் நிமிர்த்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றில் அழித்துப் பார்த்தேன். அந்தச் சாய்வு போனதும் கப்பல் யார் வீட்டுப் பிள்ளையோ போல நின்றது. அதோடு, வால் நிமிர்ந்தாலும் ‘நான் வரையலை’ என்பதை அவர் சொல்லத்தானே போகிறார்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தையும் சேர்க்க வேண்டும். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் முழுமைக்காக. அப்பாவுக்கு மருத்துவர் ஒரு மஞ்சள் மாத்திரை கொடுத்திருந்தார். “குணமாகாதும்மா. ஆனா நல்ல நாள் கொஞ்சம் கூடுதலா கிடைக்கும். நடுவுல நிறுத்திடாதீங்க, போனது திரும்பாது” என்றார். ஏழு கிழமைக்கும் ஏழு குழியுள்ள டப்பாவில் அதை நான்தான் நிரப்புவேன். அந்த வாரத்திலிருந்து அதே நிறத்தில் சத்து மாத்திரையை நிரப்பினேன். வெளியூரிலிருந்து தம்பி கூப்பிட்டான். “என்னக்கா, அப்பா பேச்சே சரியில்ல? மாத்திரை ஒழுங்கா குடுக்கறியா இல்லையா?” வேளை தவறாமல் கொடுக்கிறேன் என்றேன். அதில் பொய் இல்லை.

தினமும் காலை பத்து மணிக்கு அப்பாவின் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு கப்பலாகச் சொல்வேன். எப்போது வரைந்தார், ஏன் வரைந்தார், எங்கே மாற்றினார். ஆறு வாரம். இடையிடையே அம்மா எங்கே என்று கேட்பார். அம்மா இறந்து ஒன்பது வருடமாகிறது. ஒவ்வொரு முறையும் அதைச் சொல்லி அழவைப்பது எனக்குக் கொடுமையாகப் பட்டது. நாலாவது கப்பலை அவங்க நினைப்புல வரைஞ்சீங்களே, மறந்துட்டீங்களா என்றேன். பிறகு அம்மாவின் புகைப்படத்தைக் காட்டினால் யாரென்று தெரியாது. நாலாவது தாளைக் காட்டினால் கண் கலங்கும்.

நீங்கள் வந்தீர்கள். இரண்டு மணி நேரம் தடுமாறாமல் பேசினார். வாலைப் பற்றிக் கேட்டபோது “அது பரம்பரைச் சாயல்” என்றார். கேப்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் காலைத் தொட்டார். பதினொன்றும் வரிசையில் ஏறின.

போன மாதம் தொடரின் பழைய ஒளிப்பதிவாளர் ஒரு புகைப்படம் அனுப்பியிருக்கிறார். கீழே விழுவதற்கு முந்திய தாய்க்கப்பல்; வால் நேராக இருக்கிறது, பரம்பரைச் சாயல் பொய்யாகிவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறீர்கள். பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டேன். உங்களுக்குப் பதினொரு கப்பல் வேண்டியிருந்தது, கொடுத்தேன். என் கை போதாது, அவர் கை வேண்டும் என்றீர்கள், அதையும் கொடுத்தேன். இந்தக் கடிதத்தின் நகல் தம்பிக்கும் மருத்துவருக்கும் போகிறது. அவர்கள் செய்வதைச் செய்யட்டும்.

அப்பாவுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. பட்டறைக் கதவை இப்போது அவரே திறந்துவிடுகிறார். என்னைப் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் என்று நினைக்கிறார். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, “உட்காருங்க மேடம், இந்த இறக்கையை எப்படி வைக்கலாம்னு நீங்களே சொல்லுங்க” என்கிறார். நேற்று, உங்களுக்கு மகள் உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். இருந்திருந்தால் உங்களை மாதிரி இருந்திருக்கணும் என்றார்.

எந்த மகளிடம் அவளுடைய அப்பா இதைச் சொல்லியிருக்கிறார்?