ஐந்து நாள் இல்லம்

ருக்மணி அண்ணி வைக்கும் ரசம் எங்கள் தெருவிலேயே பேர் போனது. அதில் நான் குறை சொன்னதே இல்லை. நான் சொல்வதை நீங்கள் தெலுங்கில் எழுதினாலும் சரி சார், கடைசியில் படித்துக் காட்டினால் போதும்.

அண்ணி என் வீட்டுக்காரரின் அக்கா. வீட்டுக்காரர் கொரோனாவில் போன பின் நகரி வீட்டில் மூன்று பேர்தான். நான், அண்ணி, என் மகன் ஹரிபிரசாத். அவனுக்கு இருபத்திரண்டு வயது. பேச்சு வராது, நடக்க மாட்டான், அறுபத்தெட்டுக் கிலோ. தூக்குவது, துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் நான். அண்ணிக்கு நெஞ்சு வலி உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டுவார். அவர் ஊட்டினால்தான் அவன் வாயைத் திறப்பான்.

மாதத்தில் ஐந்து நாள் அவனை ஊருக்கு வெளியே இருக்கும் இல்லத்தில் விடுவேன். என்னைப் போன்றவர்கள் கொஞ்சம் மூச்சு விடத்தான் அந்த இல்லம். அந்த ஐந்து நாளும் நான் கோயிலுக்கோ சினிமாவுக்கோ போனதில்லை. தூங்குவேன், அவ்வளவுதான்.

தை மாதத்தில் அதை மூடப்போகிறார்கள் என்றார்கள். சித்தூரிலிருந்து சுரேஷ்பாபு என்ற அதிகாரி வந்தார். ஒரே ஆள் பார்த்துக்கொள்ளும் குடும்பம் பத்து இருந்தால் நடத்தலாம், இல்லையென்றால் மார்ச்சோடு பூட்டு என்றார். என்னையும் சேர்த்தால் சரியாகப் பத்து.

என் முறை வந்தபோது, "இன்ட்லோ வேற ஆள் யாரும் லேரா?" என்று கேட்டார், வீட்டில் வேறு ஆள் இல்லையா என்று. நான் பேசுமுன் கூட வந்திருந்த அண்ணி முந்திக்கொண்டார்.

"நான் கீறேன் சார். என் தம்பி புள்ள. உசுரு கீற வரைக்கும் நான் பாத்துக்கினு இருப்பேன்."

அதிகாரி பட்டியலில் என் பெயரை அடித்தார்.

திரும்பும்போது ஆட்டோவில் கெஞ்சினேன். "அண்ணி, உங்களால அவன ஒரு பக்கம் புரட்ட முடியுமா? போயி மாத்திச் சொல்லுங்க."

"நம்ப புள்ளைய நாதியில்லாதவன்னு எழுதித் தரச் சொல்றியா யசோதா? மூடுனா மூடட்டும். நாம ரெண்டு பேர் கீறோம்." என் கையைப் பிடித்துக்கொண்டு அன்பாகத்தான் சொன்னார்.

அன்றைக்கு நான் எதையும் முடிவு செய்யவில்லை.

ஒன்பது நாள் கழித்து, காலையில் ஹரிக்கு இட்லி ஊட்டும்போது அண்ணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை டப்பா எப்போதும் அவர் இடுப்பில் இருக்கும். எடுத்துத் திறந்தார். காலி. என்னைப் பார்த்தார். தேடுகிறேன் என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய் அரிசி களைந்தேன். தெரு முழுக்க விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. ஹரி அலறியது வெளியே கேட்டிருக்காது. சோறு வடித்த பின் வந்து பார்த்தேன்.

அதிகாரி வந்துபோன அன்று சாயங்காலமே, அண்ணி குளிக்கப் போனபோது மாத்திரைகளைக் கொட்டிவிட்டு வெறும் டப்பாவை மட்டும் திரும்ப வைத்திருந்தேன்.

டாக்டர் மாரடைப்பு என்று எழுதினார். சுரேஷ்பாபு வந்து வருத்தம் சொல்லி என் பெயரைச் சேர்த்துக்கொண்டார். இல்லம் பிழைத்தது. மற்ற ஒன்பது வீட்டுக்காரர்களும் என் கையைப் பிடித்து அழுதார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் செய்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஹரி என் கையில் சாப்பிடுவதில்லை. ஐந்து வாய் உள்ளே போக ஒரு மணி நேரம் ஆகிறது. மீதி இருபத்தைந்து நாளும் சாத்திய வீட்டுக்குள் நாங்கள் இருவர்தான். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

யாரும் சந்தேகப்படவில்லை சார், நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். மனசாட்சி உறுத்தியதா என்று கேட்டீர்கள். திங்கட்கிழமை இல்லத்துப் பொறுப்பாளர் ரேகா அம்மாவைப் போய்ப் பார்த்தேன். வீட்டில் ஒருவருமே இல்லாத பிள்ளையை மாதம் முழுக்க, கடைசிவரை அவர்களே வைத்துக்கொள்வார்களாம். நேற்று அவனை அங்கே விட்டுவிட்டேன். துணிமணி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். இன்று முதல் எங்கள் வீட்டில் ஒருவருமே இல்லை.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? என் பிள்ளையை நான் ஒருநாளும் பாரமாக நினைத்ததில்லை சார்.