மருமகனுக்கு வைத்த குளிசை

"குளிசை நல்லாத்தான் வேலை செய்யுது, மிஸி. மருமகன்ட முகம் மினுங்குது" என்றார் வரிசையில் எனக்கு முன்னால், மகளைக் கூட்டிவந்து நின்ற உம்மா.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், கல்முனையில் கர்ப்பிணிகளைப் பார்க்கும் கிளினிக் நாள் அது. மகளின் கீழிமையை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவிச்சி மிஸி நிமிர்ந்தார்.

"ரெத்தம் ஊறுறதுக்கு மகளுக்குத் தந்த குளிசைதானே உம்மா? மருமகனுக்கு ஏன் குடுத்தீங்க?"

"சத்து மருந்தெண்டு நீங்கதானே சொன்னீங்க. ஈரலும் அவருக்குத்தான், மீன் தலையும் அவருக்குத்தான். நம்மட ஊட்டுக்கு வந்த மனுசன். அவர உட்டுட்டு இவளுக்கு மட்டும் எப்பிடிக் குடுக்கிற?"

"அவர் ஒண்டும் சொல்லல்லையா?"

"வெக்கப்பட்டார். ஆனா மிச்சம் வைக்கல்ல."

மகள் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணெல்லாம் வெளுத்துக் கிடந்தது.

"அப்ப சரி உம்மா, வலி வந்தா மருமகனையே கூட்டிட்டு வாங்க. அவரே பெத்துத் தரட்டும். ரெத்தம் போனாலும் அவர் தாங்குவார். இவள் தாங்கமாட்டாள்."

வரிசையே சிரித்தது. உம்மா சிரிக்கவில்லை. புதிதாகக் கிடைத்த குளிசைப் பொட்டலத்தைத் தன் முந்தானையில் முடியப் போனவர், கையை நிறுத்தி, அதை மகளின் முந்தானையில் இறுக்கி முடிந்துவிட்டார்.

"நீயே வெச்சுக்க மகள். என்ட கையில இருந்தா, அவர் சோத்துக்குக் குந்தினதும் எனக்கு மனசு கேக்காது."