சமாதானம் வந்து சேராத பெஞ்சு

பிரியமானவங்களே, பேனாவைக் கொஞ்சம் கீழ வைங்க. ஒரு சின்னக் கதை... குறிப்பெடுக்க வேண்டாம், காது கொடுத்தாப் போதும். கதைன்னு சொல்றேனே தவிர, அதுல ஒரு குற்றவாளி நான்தான். போகப் போகத் தெரியும்.

நான் முன்னாடி ஆயரா இருந்த ஒரு சபை. அங்க எப்சிபா டீச்சர்னு ஒருத்தங்க. மேல்நிலைப் பள்ளியில விலங்கியல் எடுக்குறவங்க. கல்யாணம் பண்ணிக்கல. அம்மா இருந்தவரைக்கும் அம்மாவைப் பார்த்தாங்க. அம்மாவும் போனப்புறம் வீட்ல அவங்க மட்டும்தான். அந்தச் சபையோட ஞாயிறு பள்ளியில இருபத்திரண்டு வருஷமாப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கிட்டு இருந்தாங்க.

ஒருநாள் வகுப்புல ஒரு பிள்ளை கேக்குது: "டீச்சர், டைனோசரை ஆண்டவர் எத்தனாவது நாள் படைச்சாரு?"

நம்மகிட்ட கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்போம்? "உக்காரு, மனப்பாட வசனத்தைச் சொல்லு"ம்போம்! சிரிக்காதீங்க, நீங்களும் அப்படித்தான். டீச்சர் அப்படிச் சொல்லல. "ஆறு நாள்னா நம்ம கடிகார நாளாத்தான் இருக்கணும்னு இல்லம்மா. கோடிக்கணக்கான வருஷமா உயிரெல்லாம் கொஞ்சங்கொஞ்சமா மாறி வந்துச்சு. மாறி வரவச்சவர் ஆண்டவர்தான்"னு சொன்னாங்க.

அவ்வளவுதான்! மத்தியானச் சோறு திங்குறதுக்குள்ள ஊர் பூராப் பேச்சு. "கேட்டீங்களா... டீச்சர் ஆதாமைக் குரங்குன்னு சொல்லிட்டாங்களாம்!"

நேர்ல வந்து சண்டை போட்டது ஒரே ஒருத்தங்க. ரோஸ்லெட் அக்கா. பெண்கள் ஐக்கியத் தலைவி, ஆலயத்துல டீச்சரும் அவங்களும் ஒரே பெஞ்சு. ஆலய வாசல்லயே பிடிச்சுக்கிட்டாங்க. "டீச்சர், வேதத்துல ஆறு நாள்னா ஆறு நாள்தான். உங்க பாடப்புஸ்தகம் வருஷா வருஷம் மாறும், இது மாறாது!" டீச்சரும் விடல. "வேதம் மாறும்னு நான் சொன்னேனாக்கா? நாம புரிஞ்சுக்கிட்டது தப்பா இருக்கலாம்னுதானே சொன்னேன்?" ரெண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனாங்க.

மத்தவங்க? அடேயப்பா, மத்தவங்க ரொம்ப நல்லவங்க! ஒரு வார்த்தை பேசலையே... தள்ளி உக்காந்தாங்க. அடுத்த வாரம் டீச்சர் பெஞ்சுல ரெண்டு பேர் குறைஞ்சாங்க... அதுக்கடுத்த வாரம் இன்னும் ரெண்டு பேர். ரோஸ்லெட் அக்காவும் முன்னாடி போயிட்டாங்க. கடைசியில டீச்சரே எழும்பிப் பின் பெஞ்சுக்குப் போயிட்டாங்க. பெண்கள் பக்கம், கடைசி பெஞ்சு... ஒத்தை ஆள். ஞாயிறு பள்ளியில இருந்து "கொஞ்ச நாள் ஓய்வெடுங்க"ன்னு ஒரு கடிதம் போச்சு. கையெழுத்துப் போட்டது யாரு? நான்தான். சபையில சமாதானம் வேணும்ல... அதுக்காகப் போட்டேன்!

நம்ம ஆராதனையில சமாதானம் கொடுக்குறோம் இல்லையா? ஆயர் கையில ஆரம்பிச்சு, கைக்குள்ள கை வச்சு, பெஞ்சு பெஞ்சாப் பின்னால போகுமே... அது அந்தக் கடைசி பெஞ்சுக்குப் போகவே இல்ல. யாரும் தடுக்கல. வேற யாராவது கொடுத்திருப்பாங்கன்னு ஒவ்வொருத்தரும் நெனச்சாங்க. எட்டு மாசம்! பீடத்துல நிக்குற எனக்கு அது தெரியும். பார்த்தேன்... பார்த்துட்டு, அடுத்த பாட்டு நம்பரைச் சொன்னேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை, சமாதானம் கொடுக்குற நேரத்துல ரோஸ்லெட் அக்காவோட கைக்குட்டை பின்னால விழுந்துருச்சு. எடுக்கத் திரும்புறாங்க. அங்க டீச்சர் ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நிக்குறாங்க. யாருக்கு? எதிர்ல ஆளே இல்ல. கொஞ்ச நேரம் பார்த்தாங்க டீச்சர்... அப்புறம் தன்னோட வலது கையைத் தன்னோட இடது கைக்குள்ளயே வச்சு மூடி, தலையைக் குனிஞ்சு... தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கிட்டாங்க.

காணிக்கைப் பாட்டு ஆரம்பிச்சாச்சு. ஆலயமே உக்காந்தாச்சு. ரோஸ்லெட் அக்கா மட்டும் எழும்பி, எல்லாரும் பார்க்கப் பார்க்கப் பின்னால நடந்து போறாங்க. போயி டீச்சர் கையைப் பிடிச்சாங்க.

"என்ன டீச்சர், கை இப்படி ஜில்லுன்னு இருக்கு?"

"என் கையை யாராவது பிடிச்சு... எட்டு மாசம் ஆச்சுக்கா."

அக்கா அந்தக் கையைத் தன் ரெண்டு கைக்குள்ளயும் வச்சுத் தேய்ச்சாங்க. ஆனாலும் ரோஸ்லெட் அக்கா ஆச்சே, விடுவாங்களா? "நீங்க சொன்னதை ஒத்துக்கிட்டேன்னு மட்டும் நெனச்சிராதீங்க. சாயங்காலம் வீட்டுக்கு வாரேன், சண்டை போட."

"வாங்கக்கா. டீ போட்டு வைக்கிறேன்."

அதே பெஞ்சுல உக்காந்தாங்க. அப்புறம் ஒத்துப்போனாங்களா? எங்க! நான் மாற்றலாகி வர்ற வரைக்கும் சாயங்காலம் தவறாமச் சண்டை. தெருவுக்கே கேக்கும்.

நான் வெக்கப்பட்டுக்கிட்டு அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கப் போனேன். டீச்சர் எடுத்துக் கொடுத்தாங்க. "ஐயா, நீங்க என்னைக் கூப்பிட்டுத் திட்டியிருக்கலாம். திட்டணும்னா எதிர்ல ஒரு ஆள் உக்காந்திருக்கணும்ல..." அந்த வார்த்தை இன்னும் என்னைத் தூங்க விடல.

பிரியமானவங்களே, படைப்பு ஆறு நாளா, ஆறு யுகமா? கேளுங்க. வாதாடுங்க. அது உண்மையைப் பத்தின விஷயம், சும்மா மழுப்பச் சொல்லல. ஆனா பக்கத்துல உக்காந்து வாதாடுங்க. நாம அடிச்சுக்கிற அதே முதல் பக்கங்களைத் திறந்து பாருங்க. வெளிச்சம் நல்லது, கடல் நல்லது, மரம் நல்லதுன்னு பார்த்துக்கிட்டே வந்த ஆண்டவர், எதைப் பார்த்து முதல்முதலா நல்லதில்லன்னு சொன்னாரு?... ஒரு ஆள் தனியா இருக்கிறதைப் பார்த்து. அந்த வசனத்துல நமக்குள்ள ஏதாவது கருத்து வேற்றுமை இருக்கா?

இன்னும் கொஞ்ச நேரத்துல சமாதானம் கொடுக்கப் போறோம். பக்கத்துல இருக்கிறவங்களுக்குக் கொடுத்துட்டு உடனே உக்காந்துராதீங்க... ஒரு தடவை திரும்பிக் கடைசி பெஞ்சைப் பாருங்க. இன்னைக்கு நானும் கீழ இறங்கி வர்றேன்.