ஸ்பீக்கர்மேல் பழி போடாதீர்கள்

சின்ன ஹாலுக்கு டவர் ஸ்பீக்கர் ஒத்து வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அய்யா. இடுப்புயரத்துக்குத் தரையில் நிற்கும் அந்தப் பெட்டிகளைப் பற்றி, வாங்காதவர்கள்தான் அதிகம் பேசுவார்கள்.

கடைக்காரரும் அதையேதான் சொன்னார். "உங்க ஹாலுக்குப் புக்‌ஷெல்ஃப் போதும் சார். சின்னது, அலமாரியில தூக்கி வெச்சிடலாம்." நான் இரண்டையும் கேட்டுப் பார்த்துத்தான் முடிவெடுத்தேன். ஒரே படம், ஒரே காட்சி. ஒரு பெண் மாடிப்படியில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுகிறாள். சின்னதில் அவள் பேச்சு புரிய, சத்தத்தைக் கூட்ட வேண்டியிருந்தது. டவரில் சத்தத்தைக் குறைத்த பிறகும் அவள் மூச்சு விடுவதுவரை கேட்டது. இந்த வித்தியாசத்தைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு என் மாமனாருடையது. நுரையீரல் கெட்டுப்போய், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு ஹாலை ஒட்டிய அறையில் படுத்திருந்தார். உடம்புதான் படுத்திருந்தது. வாய் எழுந்து நடமாடியது. ஸ்பீக்கர் வந்து இறங்கிய அன்றே, "என்ன மாப்ளே, நடு ஹால்ல ரெண்டு பீரோவை நிறுத்திட்டீங்க? சாவி யார்கிட்ட?" என்றார். பார்க்க வருகிறவர்களிடம், "அதுங்க மாப்ளையோட தம்பிங்க. அண்ணனை மாதிரியேதான். நாள் பூரா நிப்பாங்க, ஒரு வேலைக்கும் ஆக மாட்டாங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், என் மனைவி உட்பட. நானும் சிரித்தேன்.

டவர் சுவரைவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். ஒட்டி நின்றால் சத்தம் குடத்துக்குள் பேசுவதுபோல் ஆகிவிடும். நான் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, பிசகாமல் நிறுத்தியிருந்தேன். அவரோ மகள் தோளைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் வலது டவரை முழங்காலால் சுவர்ப்பக்கம் தள்ளுவார். ஈரத்துண்டை அதன் தலையில் காயப் போடுவார். நான் துண்டை எடுத்துக் கொடியில் போட்டு, டவரைக் கோட்டுக்குக் கொண்டுவருவேன். ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி காய்கறி வாங்கக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, நாளைக்குக் கடைக்காரரை வரச் சொல்லிட்டேன். பெருசை எடுத்துக்கிட்டுச் சின்னதா குடுக்கறாராம். அப்பாவுக்கும் நிம்மதி."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரி என்று கதவைச் சாத்திவிட்டு, கடைசியாக ஒரு தடவை கேட்போமே என்று படத்தைப் போட்டேன்.

பாதிப் படத்தில் மணி ஒலித்தது. மாமனாரின் தலைமாட்டில் இருக்கும் பித்தளை மணி.

என் வக்கீல் நல்லவர். "படச் சத்தத்துல மணி கேக்கலைன்னு சொல்லிடுங்க சார். அது ஒண்ணு போதும், வெளிய வந்துடலாம்" என்கிறார். மனைவியும், "அந்தப் பாழாப்போன ஸ்பீக்கர்தான் எங்கப்பாவைக் கொன்னுடுச்சு" என்று ஊரெல்லாம் சொல்லி அழுகிறாள். இதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது, அய்யா. வாய் இல்லாத பொருள்மேல் பழி போடுகிறார்கள்.

மணி தெளிவாகக் கேட்டது. படத்தில் வரும் மணியோ என்ற சந்தேகம் வேண்டாம் என்று படத்தை நிறுத்தியும் பார்த்தேன். மறுபடி ஒலித்தது, வலது டவருக்குப் பின்னால், அவர் அறைக்குள்ளிருந்து. சத்தத்தைக் குறைக்கச் சொல்லும் மணி படபடவென்று அடிக்கும். இது விட்டு விட்டு வந்தது, ஒவ்வொரு முறையும் முன்னதைவிடத் தேய்ந்து. குழாய் கழன்று கட்டிலுக்கு அடியில் விழுந்திருந்ததாக நீங்கள் பிறகு சொன்னீர்கள். எனக்கு மணியிலேயே புரிந்துவிட்டது.

படத்தை மீண்டும் ஓடவிட்டேன். சத்தத்தைக் கூட்டவில்லை. நல்ல ஸ்பீக்கருக்குக் கூட்டத் தேவையில்லை. வசனம் ஒரு பக்கம், மணி ஒரு பக்கம், ஒன்றோடொன்று குழம்பாமல் கேட்டது. பிறகு வசனம் மட்டும் கேட்டது.

கடைக்காரர் சொன்ன சின்ன ஸ்பீக்கரை வாங்கியிருந்தால் சத்தத்தைக் கூட்டி வைத்திருப்பேன், மணி கேட்டிருக்காது, இன்று நான் நிரபராதி. அதனால் கொன்றவன் என்று தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். தப்பான ஸ்பீக்கர் வாங்கியவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.